கடற் காற்றாலையும் கரையோர மக்களும்



நம் நாட்டுக் கடல்களில் காற்றாலைகளை நாட்டி மின்சாரம் எடுக்கவேண்டும் என்னும் எண்ணம் மத்திய சர்க்காரின் கொள்கையாக வடிவு பெற்றது 2015-ஆம் ஆண்டு அக்டோபரில். பத்தாண்டுகள் கழிந்தன. கடலில் கோபுரம் ஒன்றும் எழவில்லை. ஆயினும் இடம் பார்த்தாயிற்று, எல்லை குறித்தாயிற்று, பணமும் ஒதுக்கியாயிற்று. முதன்முதலாகத் தேர்ந்துகொள்ளப்பட்ட கரைகள் இரண்டு. ஒன்று குஜராத்தில் காம்பத் வளைகுடாவை அடுத்த சௌராஷ்டிரக் கரை. மற்றொன்று தமிழகத்தின் தென்கோடியில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய கரை. தாயகத்தை விட்டு வந்து ஆமதாபாத்திலும் வதோதராவிலும் சூரத்திலும் மும்பையிலும் குடியேறியிருக்கும் நமக்கு இவ்விரண்டும் அயலிடங்கள் அல்ல. ஒன்றைப் பிறந்த வீடு என்றால் மற்றொன்றைப் புகுந்த வீடு எனலாம். இக்கரைகளில் வாழும் மீனவ மக்களை இத்திட்டம்பற்றிக் கேட்கவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இராது. எப்போது கேட்பது, எவ்விதம் கேட்பது, கேட்கத்தக்கவர் யாவர் என்பனவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

காற்றாலை நமக்குப் புதிதன்று. 1986-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகள் கடற்கரையோரங்களிலேயே அமைந்தன. குஜராத்தின் ஓகாவும் நம் தூத்துக்குடியும் அவற்றுள் சேர்ந்தவை. அந்நாளில் ஓர் இயந்திரத்தின் ஆற்றல் 55 கிலோவாட். பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆயிரக்கணக்கில் காற்றாடிகள் எழுந்ததை, விடுமுறைக்கு நாகர்கோயில் சென்று திரும்புவோர் யாவரும் ரெயில் வண்டியின் சாளரத்திலிருந்து கண்டிருப்பர். நிலத்தில் எழும் காற்றாலைக்கும் கடலில் எழப்போகும் காற்றாலைக்கும் பொறிவகையில் வேற்றுமை மிகுதியில்லை. உரிமைவகையில்தான் பெரும் வேற்றுமை. நிலத்துக்குப் பட்டா உண்டு; விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், இடையே பத்திரம் பதியும் உத்தியோகஸ்தர் ஒருவர். விலை போதாதெனில் மறுத்துவிடலாம். கடலுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தை வெற்றிடம் என்று எண்ணுவது காகிதத்தோடு பழகியவர்களின் இயல்பு.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த ஓர் ஆய்வு, குஜராத்துக் கடலில் எட்டும் தமிழகக் கடலில் எட்டுமாகப் பகுதிகளைக் குறித்தது. காற்றின் வேகம், நீரின் ஆழம், துறைமுகத்தின் அணுக்கம், கப்பல் செல்லும் வழி முதலியவற்றைக் கணக்கிட்டே அவை வகுக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தார் காம்பத் வளைகுடாவில் ஒரு மேடை அமைத்து, ஒளிக்கற்றையை மேலே செலுத்திக் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை அதில் ஏற்றினார்கள். 2018-இல், பிபாவாவ் துறைமுகத்துக்கு 23 முதல் 40 கிலோமீட்டர் அப்பால், ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,000 மெகாவாட் அமைக்க விரும்புவோர் முன்வரலாம் என அழைப்பு வெளியாயிற்று. 2024 ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை 7,453 கோடி ரூபாய் உதவித்தொகைக்கு இசைவளித்தது; குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழகத்துக்கு 500 மெகாவாட், இரண்டு துறைமுகங்களைச் சீர்செய்ய 600 கோடி என்பது அதன் பங்கீடு. ஆனால் ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டபோது எதிர்பார்த்தவாறு கம்பெனிகள் முன்வரவில்லை. 2025-ஆம் ஆண்டில் அவ்வழைப்புகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. பொறியியலாருக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். கரையோர மக்களைப் பொறுத்தவரை இது கிடைத்தற்கரிய இடைவேளை. இதனை எவ்வாறு செலவிடப்போகிறோம் என்பதே கேள்வி.

பிபாவாவுக்கு அருகே, அம்ரேலி ஜில்லாவில் ஜாப்ராபாத் என்று ஓர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் ஜஞ்சிராத் தீவின் சித்தி நவாபுகளுக்கு உட்பட்டிருந்த சிறு துறை அது. சௌராஷ்டிரம் என்றவுடன் மதுரைப் பட்டுநூல்காரர் தெருக்களே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அப்பெயரைத் தந்த நாட்டின் கரைகளில் கார்வா, கோலி முதலிய சமூகத்தார் கடலையே நம்பி வாழ்கிறார்கள். ஜாப்ராபாத்தில் முதன்மையாகப் பிடிபடும் மீன், மும்பைத் தமிழர்கள் பொம்பில் என்றும் குஜராத்தியர் பூம்லா என்றும் வழங்கும் மீன். ஆங்கிலேயர் அதற்கு என்ன காரணத்தாலோ 'பம்பாய் வாத்து' என்று பெயரிட்டனர். வாத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இம்மீனைப் பிடிக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் நம் பேச்சின் உயிர்நிலை அங்கே இருக்கிறது. அதற்கென 'டோல்' என்னும் வலை உண்டு. நீண்ட பை போன்ற வடிவுடையது. வாய் அகன்று வால் நோக்கிக் குறுகிக்கொண்டே செல்லும். நம் கரைகளில் வலையை வீசுவார்கள், அல்லது இழுப்பார்கள். டோல் வலையை வீசுவதுமில்லை, இழுப்பதுமில்லை. கடலடியில் முளை அறைந்தோ நங்கூரம் பாய்ச்சியோ, நீரோட்டத்தை எதிர்நோக்கி அதன் வாயைத் திறந்துவைத்துவிடுவார்கள். காம்பத் வளைகுடாவில் ஓதங்கள் மிகக் கடுமையானவை; வளைகுடாவின் உட்பகுதியில் பெருநீருக்கும் வடிநீருக்கும் இடையே உயர வேற்றுமை பத்து மீட்டரையும் எட்டும். அவ்வளவு நீர் ஏறியிறங்கும் விசையில் மீன் தானே வந்து வலைக்குள் புகும். ஓதம் திரும்பும் நேரத்தில், ஓட்டம் தணிந்த அச்சிறு பொழுதுக்குள், படகில் சென்று வலையின் வாலை அவிழ்த்து மீனை எடுத்துக்கொள்ளவேண்டும். இவ்வலைக்காரனுக்குத் தேவையானவை இரண்டு: ஓட்டமுள்ள நீர், முளை பிடிக்கும் தரை. எந்த இடத்தில் முளை பிடிக்கும், எங்கே சேறு ஆழம், எங்கே பாறை என்பதெல்லாம் தந்தை மகனுக்குச் சொல்லி வந்த செய்தி. இன்ன இடம் இன்ன குடும்பத்தாரது என்னும் வழக்கும் டோல் வலைக்காரரிடையே தொன்றுதொட்டு உண்டு. அதற்குப் பத்திரம் கிடையாது. பக்கத்து வலைக்காரனின் ஒப்புதலே பத்திரம்.

காற்றாலைக்காரருக்கும் கடலின் தரைதான் வேண்டும். பருத்த இரும்புக் குழாய்களைத் தரைக்குள் அறைந்து, அவற்றின்மேல் கோபுரத்தை நிறுத்துவது உலகெங்கும் பெரிதும் கையாளப்படும் முறை. ஆக இருவர் நாடுவதும் ஒரே பொருள். அந்த 400 சதுர கிலோமீட்டருக்குள் டோல் வலைகள் எத்தனை இருக்கின்றன, அல்லது இல்லவே இல்லையா என்பதைக் காற்றளக்கும் கருவி கூறாது. வலைக்காரர்களே கூறவேண்டும்.

மீன் கரைக்கு வந்தபின் கதை முடிவதில்லை. பொம்பில் நீர்ப்பசை மிக்க மீன். பிடித்த சில மணி நேரத்தில் குழைந்துவிடும். ஆதலின் பெரும்பகுதியை உலர்த்திக் கருவாடாக்குவர். கடற்கரையில் கழிகளை நட்டுக் கயிறு கட்டி, இரண்டிரண்டு மீன்களின் வாயை ஒன்றோடொன்று கோத்து அக்கயிற்றில் தொங்கவிடுவார்கள். காம்பத் வளைகுடாவின் காற்றை முதலில் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள் இக்கருவாட்டுக்காரர்களே என்றும் சொல்லலாம். இவ்வேலையில் பெரும்பாலும் ஈடுபடுபவர்கள் பெண்கள். கடலில் உண்டாகும் மின்சாரம் தரையடி வடங்களின் வழியே எங்கோ ஓரிடத்தில் கரையேறியாகவேண்டும். அங்கே ஒரு துணை மின் நிலையமும் வேண்டும். கயிறு கட்டிய கடற்கரை வரைபடத்தில் 'புறம்போக்கு' என்றே காணப்படும். கோபுரம் எழும் இடத்தைப்பற்றி ஆண்களைக் கேட்டுவிட்டு, வடம் கரையேறும் இடத்தைப்பற்றிப் பெண்களைக் கேளாமல் விட்டால் பாதித் திட்டத்துக்கே கருத்துக் கேட்டதாகும்.

மீனவர் முதலில் கேட்கப்போகும் கேள்வியை ஊகிப்பது கடினமன்று. கோபுரங்களுக்கு இடையே எங்களை மீன்பிடிக்க விடுவீர்களா என்பதே அது. சர்வதேசக் கடற்சட்டத்தின்படி, கடலில் எழும் இத்தகைய கட்டுமானத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டம் வகுக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 10 மெகாவாட் இயந்திரமெனில் 500 மெகாவாட்டுக்கு 50 கோபுரங்கள். கோபுரத்துக்குக் கோபுரம் ஒரு கிலோமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள 500 மீட்டர் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும். இடையில் படகு செல்லச் சந்து இராது. இடைவெளியைக் கூட்டினால் சந்து கிடைக்கும், ஆனால் பண்ணை அகன்றுவிடும். பெல்ஜியத்தில் காற்றாலைப் பகுதிக்குள் மீன்பிடிக்கத் தடை இருந்துவருகிறது. பிரிட்டனில் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். அங்கும் இழுவலைக்காரர் பலர் வடத்துக்கு அஞ்சித் தாமாகவே ஒதுங்கிவிடுவதாகக் கூறுவர். நம் நாட்டில் எது நடைமுறையாகும் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லாமல், 'உங்கள் அபிப்பிராயம் யாது?' என்று மீனவரைக் கேட்பதில் பொருளில்லை. அவர் எதைப்பற்றி அபிப்பிராயம் சொல்வார்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையில், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கென விதிகள் இருக்கின்றன. விதிகள் நல்லவையே. முப்பது நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு பிரதேச மொழி நாளேட்டிலும் அது வெளியாகவேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் அவ்விடத்து மொழியிலும் மக்களுக்குக் கிடைக்கவேண்டும். ஜில்லா கலெக்டரோ, கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்குவார். நாளேடு எட்டாத இடங்களில் பறையறைந்தும், வானொலி வாயிலாகவும் அறிவிக்கவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. வானொலியில் பேசும் நமக்கு இதைப் படிக்கையில் ஓர் இன்பம் உண்டாவதை மறைப்பதற்கில்லை. கடலில் படகுக்குள்ளே நாளேடு செல்வதில்லை. வானிலைக்காகச் சிறு வானொலிப் பெட்டி இன்றும் செல்கிறது.

ஆயின் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்னும் குறைந்தபட்ச வரம்பு எதையும் அவ்வறிவிக்கை விதிக்கவில்லை. பந்தலில் பத்துப்பேர் இருந்தாலும் கூட்டம் கூட்டமே. மற்றொன்று இதனினும் முக்கியமானது. அவ்வறிவிக்கையின் அட்டவணையில் அனல் மின் நிலையம் உண்டு, அணை உண்டு, துறைமுகம் உண்டு, காற்றாலை இல்லை. காற்றாலை புகை விடுவதில்லை என்பதால் அந்த அட்டவணையில் சேர்க்காமல் விட்டனர் போலும். ஆகவே, கடற் காற்றாலைக்கும் அச்சட்டத்தின் கருத்துக்கேட்பு தானாகவே வாய்த்துவிடும் என்று நாம் இருந்துவிடலாகாது. கேட்பதென்று சர்க்கார் மனம் வைத்துத் தனியே ஏற்பாடு செய்தாலன்றி அது உறுதியாகாது.

இத்தகைய கூட்டங்களை நம்மில் பலர் தத்தம் ஊர்களில் கண்டிருப்போம். பந்தல் போட்டிருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், போலீஸார் இருப்பார்கள், முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒருவருக்கு மூன்று நிமிஷம் பேச வாய்ப்பு. பாதிப்பேர் வேலை கேட்பார்கள், பாதிப்பேர் ஏசுவார்கள். நண்பகலில் கூட்டம் கலைந்துவிடும். காற்றை அளப்பதற்கு ஓராண்டுக்கு மேல் கடல் நடுவில் கருவியை நிறுத்திவைத்தோம். பருவந்தோறும் அது மாறுவதால் ஒரு நாள் அளந்தால் போதாது என்று அறிஞர்கள் சொன்னார்கள், நாமும் ஒப்புக்கொண்டோம். மீனும் பருவந்தோறும் மாறுகிறது. வலையிடும் இடமும் மாறுகிறது. மக்களின் சொல்லுக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது போதுமென்பது எந்த விஞ்ஞானத்தில் சேர்த்தி?

எந்த மாதத்தில் கேட்பது என்பதும் எளிய கேள்வியன்று. மேற்குக் கரையில் மத்திய சர்க்கார் விதிக்கும் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்காலத்தில் கூட்டம் வைத்தால் படகுகள் கரையில் இருக்கும், படகுக்காரர் வீட்டில் இருப்பார், வசதிதான் என்று தோன்றும். ஆனால் சௌராஷ்டிரத்து விசைப்படகுகளில் உழைப்போர் யாவரும் அக்கரையில் பிறந்தவர் அல்லர். தென் குஜராத்தின் வல்சாடிலிருந்து வருவோர் உண்டு. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்திலிருந்து வெராவலுக்கு வந்து உழைப்போரும் உண்டு. தடை தொடங்கியதும் அவர்கள் தத்தம் ஊருக்கு வண்டியேறிவிடுவார்கள். தடை நீங்கியபின் கூட்டம் வைத்தாலோ, கரைக்கு வந்ததும் கடலில் இருப்பார்கள். கரையோர மக்களைக் கேட்கிறோம் என்று நாம் கூறும்போது, கரையில் வீடுள்ளவர்களையே நினைக்கிறோம். படகின் சொந்தக்காரர் வருவார். அவருடைய சொல் பதிவாகும். கூலிக்கும் பங்குக்கும் வலை இழுப்பவனின் சொல்லை எந்த ஊர்க் கூட்டத்தில் பதிவது?

இதில் நம்மவர்களும் அடங்குவர். கன்னியாகுமரி ஜில்லாவின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள், ஆயிரங்கொக்கித் தூண்டில்களோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் கடந்து குஜராத்துக் கடல் வரை செல்பவர்கள். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அவர்களுடைய படகுகள் இலட்சத்தீவிலும் மேற்குக் கரையின் வட துறைகளிலும் போய் ஒதுங்கின. எந்தெந்தக் கரைக்கு அவர்கள் போய்வருகிறார்கள் என்பதைத் தமிழகத்தில் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். அக்கடலைப் பயன்படுத்தும் அம்மீனவரை அம்ரேலியில் நடக்கும் கூட்டத்துக்கு யார் அழைப்பார்? பிறந்த ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர், பிழைக்கும் ஊரில் ரேஷன் அட்டை என்று இரண்டுக்கும் இடையே அலைந்து பழகிய நமக்கு அவருடைய நிலை எளிதில் விளங்கும்.

அதிகார எல்லைகளும் ஒரு சிக்கல். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள மீன்பிடித்தொழில் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய சர்க்காரின் பொறுப்பு. காற்றாலைக்கோ 200 கடல் மைல் வரை இடம் குறிக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. மனுவோடு வரும் மீனவரை ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு எதிரே மிடெல்குருண்டன் என்னும் ஆழமற்ற திட்டில் காற்றாலை அமைக்கும் யோசனை 1990-களில் எழுந்தது. மூன்று வரிசையில் 27 கோபுரங்கள் என்பது முதற் திட்டம். மக்களைக் கேட்டார்கள், மூன்று வரிசை வேண்டாம் என்று சொன்னார்கள். திட்டம் மாறியது: ஒரே வரிசை, வில் போன்ற வளைவு, 20 கோபுரங்கள். 2000-ஆம் ஆண்டு அவை எழுந்தன. அவற்றில் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்குதாரராகச் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. இதில் நாம் கண்டுகொள்ளவேண்டியது, கேட்டபின் வரைபடம் மாறியது என்பதே. கேட்பதற்கு முன்னும் பின்னும் ஒரே வரைபடம் இருக்குமாயின், கேட்டதாக எப்படி நம்புவது?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால், ஒரு கம்பெனி 2001-இல் தானே இடத்தைத் தேர்ந்து 130 கோபுரங்களுக்குத் திட்டமிட்டது. கரையில் மாளிகை வைத்திருந்த செல்வர்கள் எதிர்த்தார்கள், பழங்குடியினர் எதிர்த்தார்கள், மீனவரும் எதிர்த்தார்கள். வழக்குமேல் வழக்கு நடந்து, 2017-இல் திட்டமே கைவிடப்பட்டது. அதற்கு அடுத்த சிறு ராஜ்யமான ரோட் ஐலண்டில் வேறு வழி கண்டார்கள். கம்பெனிக்கு இடம் ஒதுக்கு முன்னரே, அவ்விடத்துச் சர்க்காரும் பல்கலைக்கழகத்தாரும் மீனவர்களோடு உட்கார்ந்து, யார் எங்கே எப்போது மீன்பிடிக்கிறார் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் படமாக வரைந்தார்கள். கடல் முழுவதற்குமான அத்திட்டம் 2010-இல் நிறைவேறியது. மீனவர் ஆலோசனைக் குழு ஒன்றும் அதில் அமைந்தது. 2016-இல் அங்கே ஐந்து கோபுரங்கள் சுழலத் தொடங்கின. அமெரிக்கக் கடலில் முதற் காற்றாலைப் பண்ணை அதுவே. மாசசூசெட்ஸில் பதினாறு ஆண்டு வழக்காடி ஒன்றும் எழவில்லை என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

ஜப்பானில் மீன்பிடி உரிமை சட்டத்தில் எழுதப்பட்டது. கரையோரக் கடலில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களே அவ்வுரிமையை வைத்திருக்கின்றன. 2018-இல் இயற்றிய சட்டப்படி, காற்றாலைக்கு ஒரு கடற்பகுதியை ஒதுக்கும் விஷயத்தில் மந்திரியின் சார்பினரும், அவ்விடத்துக் கவர்னரும், ஊர்த் தலைவர்களும், மீனவர் சங்கத்தாரும் ஒரே சபையில் அமர்ந்து பேசுகிறார்கள். மீன்பிடித் தொழிலுக்கு ஊறு நேராது என்று தோன்றினாலன்றிப் பகுதி ஒதுக்கப்படுவதில்லை. அங்கே மீனவர் மனு கொடுப்பவராக வரவில்லை. சபையின் உறுப்பினராகவே வருகிறார்.

இவ்வளவு பேரைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலதாமதம் ஆகாதா, நாட்டுக்கு மின்சாரம் அவசரமன்றோ என்று கேட்பார்கள். அவசரந்தான், நிலக்கரிப் புகையைக் குறைக்கவேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. கடல் வெப்பமும் புயலும் மிகுந்தால் முதலில் அல்லற்படுபவர் மீனவரே. ஆனால் தாமதம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 2022-க்குள் 5,000 மெகாவாட் என்று 2018-இல் இலக்கு வைத்தோம். அது நிறைவேறாமைக்கு மீனவர் காரணம் அல்லர். விலை கட்டாமையும் கம்பெனிகளின் தயக்கமுமே காரணம். ஜப்பானிலும் 2025-இல் ஒரு பெருங்கம்பெனி மூன்று திட்டங்களினின்றும் விலகியது செலவு ஏறிவிட்டதால்தான். பத்தாண்டு தாமதத்தைப் பணத்துக்காகப் பொறுத்துக்கொண்ட நாம், ஈராண்டை மக்களுக்காகச் செலவிட முடியாது என்று சொல்வது பொருந்தாது.

நஷ்டஈடுபற்றி ஒரு வார்த்தை. பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பார் உண்டு. யாரிடம் கொடுப்பது? பதிவு செய்த படகுக்காரரிடம் கொடுத்தால் பங்காளிகளுக்குச் சேராது. கருவாடு உலர்த்தும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. யாருக்கு என்ன தொழில், அதில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தாலன்றி, நஷ்டஈடு ஊருக்குள் சண்டையையே பங்கிட்டுக் கொடுக்கும்.

இனித் தாய்க்கரையை நினைப்போம். தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்குக் கடற்றரையைக் குத்தகைக்கு விடுவதாக 2024 பிப்ரவரியில் அழைப்பு வெளியாகி, அதுவும் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன் விதிகளாலேயே பல இடங்களில் வலையிட முடியாமற்போன நாட்டுப்படகுக்காரர், 'இன்னும் எவ்வளவு தூரம் எங்களை ஒதுக்குவீர்கள்?' என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. அங்கே மொழி தமிழ்தானே, தொல்லையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சில பக்கச் சுருக்கமே தமிழில் கிடைக்கும். அத்தமிழும் எத்தகைய தமிழ் என்பது, சர்க்கார் அறிவிப்புகளைப் படித்தவர்க்குத் தெரியும். மீனவருக்கோ கடலுக்கென்றே ஒரு தமிழ் இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் காற்றைத் திசைவாரியாக அழைக்கிறார். மீன் கூடும் கடலடிப் பாறையைப் 'பார்' என்கிறார். கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்ப்படுத்திப் பார்த்து, கரை மங்கும் தூரத்திலும் அப்பாரின்மேல் படகை நிறுத்திவிடுகிறார். அறிக்கையின் படத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும், பார் ஒன்றும் இராது. அப்படத்தைக் காட்டி 'இவ்விடத்தில் ஆட்சேபம் உண்டா?' என்றால், எவ்விடம் என்று அவருக்கு எப்படி விளங்கும்? ஒவ்வொரு பாரின் பெயரையும் அவரைக்கொண்டே அப்படத்தில் முதலில் எழுதுவிக்கவேண்டும். கோபுரம் எங்கே நிற்கலாம் என்னும் பேச்சு அதன்பின் தொடங்கலாம்.

அடுத்த முறை ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, எல்லைகளை மீண்டும் ஒரு முறை வகுக்கச் சர்க்காருக்கு வாய்ப்பு உண்டு. அதற்கு முன்னரே ஜாப்ராபாத்திலும், வெராவலிலும், தூத்துக்குடியிலும், குளச்சலிலும் ஊர் ஊராகச் சென்று படம் வரையும் பணி தொடங்கவேண்டும் என்பது நம் கருத்து. ராஜ்யங்களின் மீன்வளத் துறையாரும், மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்தால் செய்யக்கூடியதே. தடைக்காலத்தில் ஒரு முறையும், வலை ஓடும் காலத்தில் ஒரு முறையும் கேட்கவேண்டும். பெண்களை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே சென்று கேட்கவேண்டும். அறிவிப்பு குஜராத்தியில் மட்டும் இருத்தல் போதாது. வெராவல் துறையில் தெலுங்கிலும், மலையாளத்திலும், தமிழிலும் ஒவ்வொரு தாள் ஒட்டப்படவேண்டும். தமிழ்த்தாளை எழுதிக்கொடுக்கவும், தூத்தூர்ப் படகு ஏதேனும் அங்கே கரை பிடித்திருந்தால் அதிலுள்ளோரிடம் படித்துக் காட்டவும், ஆமதாபாத்துத் தமிழ் அன்பர்களில் இரண்டு மூன்று பேர் முன்வந்தால் ஓர் ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.